வளைந்த கியர் ஷாஃப்ட்: மன்னார்குடிப் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

மோட்டார் சைக்கிள் இடப்பக்கமாகச் சாயும்போது பெரும்பாலும் அடி வாங்குபவை ஹேண்டில்பார் நுனி, ஃபுட்ரெஸ்ட், கியர் லிவர் ஆகிய மூன்றும்தான். முதல் இரண்டும் வளைந்தால் வெளியிலேயே தெரியும், வெளியிலேயே சரிசெய்தும் விடலாம். கியர் லிவர் வாங்கிய அடி அப்படி லிவரோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. லிவர் பூட்டப்பட்டிருக்கும் ஷாஃப்ட் என்ற உருக்குத் தண்டு எஞ்சினின் இடப்பக்கச் சுவரில் நுழைந்து, குறுக்கே சென்று, வலப்பக்கம் கிளட்சுக்குப் பின்னால் முடிகிறது. ஆகவே வெளியே பட்ட அடியின் ஒரு பகுதி, எஞ்சினைத் திறக்காமல் பார்க்க முடியாத இடத்துக்கும் போயிருக்கக்கூடும். சென்ற சம்பா அறுவடைக் காலத்தில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு 150 சிசி வண்டியில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. நேராக நிமிர்த்தப்பட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும் ஷாஃப்ட் உண்மையில் நேராகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்கு அந்த வண்டி நல்ல சான்று என்பதால், பார்த்ததையும் செய்ததையும் முழுமையாக எழுதிவைக்கிறேன். வண்டியின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகுப்பைச் சேர்ந்த பல வண்டிகளில் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

வண்டியின் உரிமையாளர் வடுவூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் இளைஞர். கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், தை, மாசி மாதங்களில் டெல்டாவின் சாலை ஓரங்களெல்லாம் நெற்களமாகிவிடும். பனியில் அறுத்த நெல்லைக் காயவைக்கப் போதுமான களம் எல்லா ஊரிலும் இல்லை. அதற்காக விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தார்ச் சாலையில் பரப்பிய நெல் டயருக்கு அடியில் உருளும், அதன் மீது பிரேக் பிடித்தால் சக்கரம் பிடிமானத்தை இழக்கும் என்பது வண்டி ஓட்டும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை. எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட ஓரம் ஒதுங்கிய இவர், நெல்லின் மேல் பின் பிரேக்கை மிதித்திருக்கிறார். வேகம் மிகக் குறைவு. வண்டி இடப்பக்கமாகப் படுத்து, நெல்லுக்கு அணையாக வைத்திருந்த கருங்கல்லில் லிவர் நுனி மோதியது. முழங்கையில் சிராய்ப்பு தவிர அவருக்கு ஒன்றுமில்லை.

லிவர் எஞ்சின் மூடியோடு ஒட்டிக்கொண்டதால் கியர் விழவில்லை. வழியில் இருந்த ஒரு கடையில், லிவரைக் கழற்றாமலேயே அதன் முனையில் இரும்புக் குழாயை மாட்டி வெளிப்பக்கமாக இழுத்து நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். கியர் விழுந்தது, அவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். சில வாரங்கள் கழித்து எங்களிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "அண்ணே, கியர் ஏறுது. ஆனா நிறுத்தத்துல வந்து ரெண்டுலேருந்து ஒண்ணுக்கு இறக்குனா இறங்க மாட்டேங்குது. லிவர் மிதிச்ச எடத்துலயே நிக்குது, நான் காலால தூக்கிவிட்டாதான் வருது. கீழ எண்ணெயும் சொட்டுது."

இந்த மூன்று குறைகளையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் வெவ்வேறு காரணம் சொல்லலாம். கியர் இறங்காததற்குக் கிளட்ச் சரியாக விடுபடாதது காரணமாகலாம். லிவர் திரும்பாததற்கு ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்தது காரணமாகலாம். எண்ணெய் ஒழுக்குக்கு, அதை உள்ளே தடுத்து நிற்கும் ரப்பர் வளையமான சீல் தேய்ந்திருந்தாலே போதும். மூன்றும் ஒரே விழுகைக்குப் பின் சேர்ந்து வந்திருப்பதால் பொதுவான ஒரு காரணத்தை முதலில் சந்தேகிப்பதே முறை. ஆயினும் கிளட்சைச் சோதித்து ஒதுக்காமல் எஞ்சினைத் திறப்பது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்கும் வேலை. கிளட்ச் கைப்பிடியின் நுனியில் தளர்வு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் சரியாக இருந்தது. கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்துத் தள்ளினால் வண்டி தடையின்றி உருண்டது. எஞ்சின் ஓடாத நிலையில், பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே கியர் மாற்றியபோதும் லிவர் அதே போல் பாதி வழியில் நின்றது. கிளட்சில் பழுது இல்லை.

இதற்கு மேல் செல்வதற்கு முன் உள் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஷாஃப்டின் இடமுனையில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். லிவரின் பிளவுபட்ட தலை அந்தப் பற்களில் அமர்ந்து ஒரு போல்ட்டால் இறுக்கப்படுகிறது. சற்று உள்ளே ஆயில் சீல், அதற்கும் உள்ளே எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க் கேஸின் அலுமினியச் சுவரில் துளைத்த துவாரம். அந்தத் துவாரமே ஷாஃப்டுக்கு பேரிங். வலமுனையில் ஒரு தகட்டுக் கை பற்றவைக்கப்பட்டிருக்கும். கியர்களை மாற்றும் உருளையான கியர் டிரம்மின் முனையில் உள்ள ஊசிகளை அந்தக் கை தள்ளியோ இழுத்தோ டிரம்மை ஒரு படி திருப்புகிறது. உருளை பொருத்திய ஸ்டாப்பர் ஒன்று டிரம்மை அந்தப் படியிலேயே நிறுத்தி வைக்கிறது. காலை எடுத்ததும் லிவர் நடுநிலைக்குத் திரும்பினால்தான் கை அடுத்த ஊசியைப் பிடிக்க முடியும். அந்தத் திருப்பலைச் செய்வது ரிட்டர்ன் ஸ்பிரிங். அதன் இரு கால்களும் கேஸில் முறுக்கி வைத்த ஒரு குச்சியை இருபுறமும் அணைத்து நிற்கும்.

ஷாஃப்டுக்கும் அதன் துவாரத்துக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான். ஷாஃப்டின் குறுக்களவு பெரும்பாலும் 12 முதல் 14 மி.மீ. வரை இருக்கும், பார்வைக்கு உறுதியான உருக்கு. ஆனாலும் துவாரத்தின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே அது உராய்ந்து இறுகும். காலால் மிதிக்கும் விசை பெரியது, அந்த உராய்வை வென்றுவிடும். ஸ்பிரிங்கின் விசை சிறியது, அதனால் வெல்ல முடியாது. கியர் ஏறுவதும் லிவர் திரும்பாததும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் நிகழ்வது இதனால்தான்.

அடுத்து லிவரைக் கழற்றினோம். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. ஷாஃப்டில் உள்ள பள்ளத்தின் வழியாக அந்த போல்ட் செல்வதால், அதை முழுவதும் உருவிய பிறகே லிவரை இழுக்க வேண்டும். வேறொரு வண்டியின் நல்ல லிவரைத் தற்காலிகமாகப் பொருத்தி அசைத்தோம். மூடியில் எங்கும் உரசாமல் இருந்தும் அது தாமதித்தே திரும்பியது. லிவர் மட்டும் வளைந்து மூடியில் உரசியிருந்தால் இந்தச் சோதனையிலேயே குறை மறைந்திருக்கும். மறையாததால் இறுக்கம் உள்ளே இருக்கிறது என்று முடிவாயிற்று.

செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் மூடியைக் கழற்றிச் சேற்றையும் வைக்கோல் துணுக்குகளையும் துடைத்த பின், ஷாஃப்டின் அருகில் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி நேராக, எஞ்சின் சுவருக்குச் செங்குத்தாகவே இருந்தது. வழியில் நிமிர்த்தியவர்களும் இதைப் பார்த்துத்தான் மனநிறைவடைந்திருப்பார்கள். ஆனால் சீல் அமர்ந்திருக்கும் வட்டத்தின் விளிம்பிலிருந்து ஷாஃப்ட் வரையுள்ள இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் நான்கு பக்கமும் அளந்தபோது, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 0.8 மி.மீ. வேறுபாடு இருந்தது. அதாவது ஷாஃப்ட் சாயவில்லை, ஆனால் மையத்திலிருந்து 0.4 மி.மீ. விலகியிருந்தது. சாயாமல் விலகியிருக்கும் ஒரு தண்டு, விலகத் தொடங்கிய இடத்தில் ஒருமுறையும், மீண்டும் நேரான இடத்தில் ஒருமுறையும் வளைந்திருக்க வேண்டும். இரண்டு எதிரெதிர் வளைவுகள், இரண்டும் ஒன்றுக்கொன்று மிக அருகில்.

இது எப்படி நேர்கிறது என்பதுதான் இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி. லிவரில் பக்கவாட்டு விசை படும்போது, ஷாஃப்டின் வெளிமுனை சுவரிலிருந்து நீண்டிருக்கும் கம்பியாக நடந்துகொள்கிறது. வளைக்கும் திருப்புத்திறன் துவாரத்தின் வெளிவிளிம்பில்தான் மிக அதிகம். அங்கிருந்து உள்ளே போகப் போகக் குறையும், வெளியே போகப் போகவும் குறையும். எனவே முதல் வளைவு சீலை ஒட்டிய இடத்திலேயே உண்டாகிறது, அதன் தொடக்கம் துவாரத்துக்குள்ளும் சிறிது நுழைந்திருக்கும். ஒருமுறை வளைந்த உருக்கு அந்த இடத்தில் முன்பைவிடக் கடினமாகிவிடுகிறது. பிறகு குழாயை மாட்டி எதிர்த்திசையில் இழுக்கும்போது, கடினமான அந்த இடம் எளிதில் வளைந்துகொடுப்பதில்லை. அதற்கு அடுத்துள்ள, இன்னும் மென்மையான இடம் வளைந்துகொடுக்கிறது. முடிவில் வெளிப்பகுதி நேராகத் தெரியும், உட்பகுதியோ மெல்லிய இரட்டைக் கோணலோடு நிற்கும். இழுப்பவரின் கைத்திறனை இதில் குறை சொல்ல முடியாது. ஷாஃப்டை எஞ்சினிலேயே வைத்துக்கொண்டு நிமிர்த்தும் முறையிலேயே இந்தக் குறை அடங்கியிருக்கிறது.

எண்ணெய் ஒழுக்குக்கும் விடை இதிலேயே கிடைத்தது. மையம் விலகிய ஷாஃப்ட், சீலின் உதட்டை ஒரு பக்கம் அழுத்தித் தேய்க்கும், மறுபக்கம் அழுத்தம் இல்லாமல் விட்டுவிடும். சேறும் நெல் தூசும் அந்த இடைவெளியில் நுழைந்தால் உதடு கிழியும். நடவுக் காலத்தில் டிராக்டரின் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் சாலையில் இறைத்துப் போகும் களிமண், அறுவடைக் காலத்தில் வைக்கோல் என்று ஆண்டு முழுவதும் ஸ்பிராக்கெட்டைச் சுற்றி ஏதாவது ஒன்று அடைந்துகிடக்கும் நம் பகுதியில், சீலுக்கு இருக்கும் சோதனை மற்ற ஊர்களைவிட அதிகம்.

இனி முடிவெடுக்க வேண்டியிருந்தது. சீலை மட்டும் மாற்றலாம், அதை வெளியிலிருந்தே செய்துவிடலாம், செலவும் மிகக் குறைவு. ஆனால் விலகிய ஷாஃப்ட் புதிய சீலையும் அதே போல் தின்றுவிடும். மறுபடி நிமிர்த்திப் பார்ப்பது இரண்டாவது வழி. மூன்றாம் முறையாக வளைக்கப்படும் உருக்கில் வெடிப்பு விழும் வாய்ப்பு அதிகம் என்பது ஒருபுறமிருக்க, அந்த நெம்பல் முழுவதையும் தாங்குவது கிராங்க் கேஸின் அலுமினியச் சுவர். அது வெடித்தால் சில நூறு ரூபாய் வேலை எஞ்சினை முழுவதும் பிரிக்கும் வேலையாகிவிடும். ஆகவே வலப்பக்கத்தைத் திறந்து ஷாஃப்டையே மாற்றுவது என்று முடிவு செய்து, உரிமையாளரிடம் காரணங்களைச் சொல்லி ஒப்புதல் பெற்றோம். புதிய ஷாஃப்டும் சீலும் கேஸ்கட்டும் தஞ்சாவூரிலிருந்து வரவழைக்கப்பட்டன. பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று எண்களும் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட அந்த எண்களைச் சொல்லி வாங்குவது பிழையற்றது.

எண்ணெயை வடித்து, சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், கிக்கர், கிளட்ச் கேபிள் ஆகியவற்றை நீக்கி, வலப்பக்க மூடியைத் திறந்தோம். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமுடையவை அல்ல. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைப்பது எங்கள் வழக்கம். நீளமான போல்ட்டைக் குட்டையான துவாரத்தில் இறுக்கி அலுமினியத்தை உடைத்த மூடிகளை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். பிறகு கிளட்ச் பிளேட்டுகளை வரிசை மாறாமல் எடுத்து, நடு நட்டைக் கழற்றி, கிளட்ச் கூடையையும் வெளியே எடுத்ததும் ஷாஃப்டின் வலமுனை கண்ணில் பட்டது. ரிட்டர்ன் ஸ்பிரிங் உடையவில்லை, அதன் கால்களும் விரியவில்லை. ஆனால் அவை அணைத்து நிற்கும் குச்சி சற்றே தளர்ந்திருந்தது. கல்லில் மோதிய அதிர்ச்சியா, பின்னர் இழுத்த இழுப்பா, எது அதைத் தளர்த்தியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்தக் குச்சி கழன்று விழுந்திருந்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றும் வழி முற்றிலும் அற்றுப்போயிருக்கும், கழன்ற துண்டு கிளட்ச் பற்சக்கரத்தில் சிக்கும் ஆபத்தும் உண்டு. கியர் ஏறுகிறது என்பதால் வண்டி சரியாகிவிட்டது என்று எண்ணக்கூடாது என்பதற்கு இந்தத் தளர்வு ஒன்றே போதும்.

ஷாஃப்டை வலப்பக்கமாகத்தான் உருவ வேண்டும். இடப்பக்கத்தில் கோணலாக இருக்கும் பகுதி துவாரத்தின் வழியாக இழுக்கப்படும்போது அலுமினியத்தைச் சுரண்டும். இடமுனையில் மரச்சுத்தியலால் தட்டி வெளியேற்றுவது பலர் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் துவாரம் நீள்வட்டமாகி, புதிய ஷாஃப்டும் ஆடும். எனவே வெளிப்பகுதியை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். சீலை முதலில் எடுக்காமல் அப்படியே விட்டோம், வெட்டுத் தூள் உள்ளே போகாமல் தடுக்க அதுவே முதல் தடுப்பு. அதன் மேல் கிரீஸ் பூசி, சுற்றிலும் துணி அடைத்து, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்சா பிளேடால் சுவரை ஒட்டி மெதுவாக அறுத்தோம். கிரைண்டரை வேண்டுமென்றே தவிர்த்தோம். அதன் சக்கரத்திலிருந்து உதிரும் தூள் உருக்கையே தேய்க்கக்கூடியது, எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. அறுத்த பிறகு தூளையெல்லாம் கிரீஸோடு துடைத்தெடுத்து, சீலைக் கொக்கியால் பெயர்த்து, எஞ்சிய முனையின் விளிம்பை நுண் அரத்தால் சாய்வாக அராவி, மறுபடியும் துடைத்தோம். அதன் பின் ஷாஃப்டை இங்குமங்கும் சிறிது திருப்பிக்கொண்டே கையால் இழுத்தபோது, ஒரு கோணத்தில் இறுகி, அடுத்த கோணத்தில் விட்டு, சுத்தியல் இன்றியே வெளியே வந்தது. ஷாஃப்டில் ஒரு வாஷர் இருக்கும். அது எண்ணெய்ப் பசையால் கேஸின் சுவரில் ஒட்டிக்கொண்டு பிறகு உள்ளே விழுந்துவிடும் என்பதால், உருவியவுடன் அதைத் தேடி எடுத்துவிட வேண்டும்.

வெளியே வந்த ஷாஃப்டைத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் V வடிவப் பள்ளமுள்ள வீ பிளாக்குகளின் மேல் கிடத்தி, நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுழற்றிப் பார்த்தோம். துவாரத்துக்குள் அமர்ந்திருந்த பகுதியில் முள் மொத்தம் 0.22 மி.மீ. ஆடியது. டயல் கேஜில் காணும் மொத்த ஆட்டம் விலகலைப்போல் இருமடங்கு என்பதால் உண்மையான விலகல் 0.11 மி.மீ. நூறில் சில பங்கு இடைவெளியில் சுழல வேண்டிய தண்டுக்கு இது பெரிய கோணல். வலப்பகுதி முழுவதும் நேராக இருந்தது, அதன் தகட்டுக் கையில் தேய்மானம் இல்லை. வெட்டியெடுத்த வெளித்துண்டையும் விட்டுவைக்கவில்லை. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவி வைத்தோம். பற்களின் அடியில், பள்ளத்தை ஒட்டி, தலைமுடியளவு ஈரக்கோடு ஒன்று தூளின் மேல் தோன்றியது. அது வெடிப்பு. வெடிப்பினுள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல மேலேறித் தூளை நனைக்கும் இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் செய்யலாம். அந்த வெடிப்போடு இன்னும் சில மாதங்கள் ஓடியிருந்தால் லிவர் ஏதோ ஓர் இடத்தில் ஷாஃப்டின் முனையோடு கழன்று கையில் வந்திருக்கும்.

இதே சோதனையைக் கேஸின் சுவரிலும், சீல் அமரும் வட்டத்தைச் சுற்றிச் செய்தோம். அங்கே கோடு எதுவும் தோன்றவில்லை. துவாரத்திலும் புதிய ஷாஃப்டை எண்ணெய் தடவாமல் நுழைத்துப் பார்த்தபோது ஆட்டம் தெரியவில்லை.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சிலவே. தளர்ந்திருந்த குச்சியை முழுவதும் கழற்றி, மரைகளைத் துடைத்து, மரைப்பசை இட்டு மீண்டும் முறுக்கினோம். சீலை அதன் வெளிவிட்டத்துக்குச் சமமான ஒரு சாக்கெட்டைக் கொண்டு நேராக அழுத்தினோம், சுருள் கம்பி தெரியும் முகம் எண்ணெய் இருக்கும் உட்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். புதிய ஷாஃப்ட் வலப்பக்கமிருந்து வருவதால் அதன் கூர்மையான பற்கள்தான் சீலின் உதட்டை முதலில் கடக்கும். பற்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவி நுழைத்தால் உதடு கிழியாது. புதிய சீல் போட்டும் ஒழுகுகிறது என்று திரும்பி வரும் வண்டிகளில் பல, இந்தத் தாளைச் சுற்றாததால் வந்தவையே. ஷாஃப்ட் அமரும்போது ஸ்பிரிங்கின் இரு கால்களும் குச்சியின் இருபுறமும் விழுந்தனவா, கை டிரம்மின் ஊசிகளில் சரியாகப் படிந்ததா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்தோம்.

கிளட்சைப் பூட்டும் முன்பே, லிவரைத் தற்காலிகமாக மாட்டி, பின்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு, ஐந்து கியர்களையும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் லிவர் தானாகவே நடுநிலைக்குத் தெறித்து வந்தது. மூடியைப் பூட்டி எண்ணெய் ஊற்றிய பிறகு இந்தச் சோதனையைச் செய்பவர்களுக்கு, ஒரு சிறு பிழைக்காக எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேரிடும். அதன் பின்னர் கிளட்ச், புதிய கேஸ்கட், மூடி. போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினோம். எண்ணெய் விஷயத்தில், கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வண்டிகளுக்குக் குப்பியில் ஜப்பானியத் தரமான ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். காருக்கான எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

லிவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளைந்திருந்த லிவர் உருக்கால் ஆனது. அதை வைஸில் பிடித்து, சூடேற்றாமல் நிமிர்த்தி, மண்ணெண்ணெய்ச் சோதனையில் வெடிப்பு இல்லையென்று கண்ட பின் அதையே மீண்டும் மாட்டினோம். அலுமினிய லிவராக இருந்தால் மாற்றியிருப்போம். உரிமையாளர், இனி வளையாதபடி அதன் மேல் ஒரு கம்பியைப் பற்றவைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நம் பக்கத்தில் இது பரவலாகச் செய்யப்படுகிறது, நான் மறுத்துவிட்டேன். "தம்பி, வீட்டுல பியூஸ் கம்பி எரிஞ்சு போகுதுன்னு தடிமனான கம்பியப் போட்டா மோட்டார்தான் எரியும். லிவர் வளையட்டும், ஷாஃப்ட் தப்பிக்கும்" என்று சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். வரப்பில் தட்டுகிறது என்று முன்பே கழற்றி வீட்டில் போட்டிருந்த லெக் கார்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, எஞ்சின் பிடிமானத்தில் இறுக்கிப் பொருத்தினோம். அது இருந்திருந்தால் கருங்கல்லில் மோதியது லிவராக இருந்திருக்காது. தளர்வாகப் பொருத்திய கார்டு பின்னோக்கி மடங்கி லிவரையே அழுத்தும் என்பதால், அதன் போல்ட்டுகளை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்துவிட வேண்டும்.

விழுந்த இடத்தில் என்ன செய்வது என்பது பலருக்கும் தேவைப்படும் செய்தி. லிவர் எஞ்சின் மூடியில் ஒட்டிக்கொண்டால் அதை நெம்பத் தேவையில்லை. 10 எண் ஸ்பானர் ஒன்று பெரும்பாலும் போதும். போல்ட்டை உருவி, லிவரை வெளியே எடுத்து, ஒன்றிரண்டு பற்கள் மேலாகவோ கீழாகவோ நகர்த்தி மாட்டினால், மூடியின் புடைப்பிலிருந்து விலகி அசையக் கொஞ்சம் இடம் கிடைக்கும். மிதிக்க வசதியாக இராது, ஆனால் ஊர் போய்ச் சேரலாம். லிவரையே நிமிர்த்தியாக வேண்டும் என்றால், அதைக் கழற்றித் தனியே ஒரு பாலத்தின் கட்டைச்சுவரிலோ கல்லிலோ வைத்து நிமிர்த்துங்கள். ஷாஃப்டில் மாட்டியபடி குழாயால் இழுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். லிவரைக் கழற்றிய பிறகும் ஷாஃப்ட் தனியாகச் சாய்ந்து தெரிந்தால், ஏற்கெனவே விழுந்திருக்கும் கியரிலேயே, முடிந்தால் இரண்டாவது கியரில், மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.

ஷாஃப்டை எஞ்சினில் வைத்தே நிமிர்த்துவது எந்த நிலையிலும் கூடாதா என்று மெக்கானிக் நண்பர்கள் கேட்பதுண்டு. புதிய ஷாஃப்ட் கிடைக்காத பழைய வண்டியாக இருந்து, வளைவு சீலிலிருந்து நன்றாகத் தள்ளிப் பற்களை ஒட்டியிருந்தால், சீலுக்கும் வளைவுக்கும் இடையே உள்ள நேரான பகுதியை ஒருவர் கனமான ஸ்பானரால் தாங்கிப் பிடிக்க, மற்றவர் முனையில் குழாயை மாட்டி நிமிர்த்தலாம். அப்போது விசை சுவருக்குப் போகாமல் ஸ்பானரிலேயே நிற்கும். சுவரை ஒட்டிய வளைவில் அப்படித் தாங்கிப் பிடிக்க இடமே இல்லை. இந்த வண்டியில் இருந்தது அந்த இரண்டாவது வகை.

வண்டி ஒப்படைக்கப்பட்ட பிறகு, அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு அவர் வந்தபோது ஸ்பிராக்கெட் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். சீலைச் சுற்றிப் புழுதி வறண்டு படிந்திருந்தது, எண்ணெய்க் கசிவு இல்லை. வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டெடுத்தபோது, அன்றாட ஓட்டத்தில் வரும் கரும்பசை தவிர உருக்குத் துணுக்கு எதுவும் ஒட்டவில்லை. நிறுத்தத்தில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் இறங்குகிறது என்றார். நானும் ஓட்டிப் பார்த்தேன், லிவர் காலோடு ஒட்டாமல் உடனே திரும்பியது.